மனித உடலுக்குள் மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கரைகளிலிருந்து மங்களூரு, கோவா, ரத்னகிரி, வேராவல் துறைமுகங்களுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்து தங்குகிறவர்களுக்கும் காய்ச்சல் கண்டால், குமரி மாவட்டத்துச் சுகாதார ஆய்வாளர் முதலில் செய்வது விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுப்பதுதான். அந்தத் தடவலில் தெரிகிற ஒட்டுண்ணி உடலுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கும் ஆய்வகத் தொழில்நுட்ப மாணவர்களும் செவிலியர் மாணவிகளும் நாகர்கோவிலில் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

மரபணு வெளிப்பாடு என்பது எது?

ஒட்டுண்ணியின் மரபணுக்கள் அனைத்தும் டி.என்.ஏ. வடிவில் அதன் எல்லா நிலைகளிலும் இருக்கின்றன. ஆனால் எந்த நேரத்தில் எந்த மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, எந்த அளவுக்கு எடுக்கப்படுகிறது, அதிலிருந்து புரதம் உருவாகிறதா என்பவை நிலைக்கு நிலை மாறுபடும். இதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் காத்திருக்கும் ஸ்போரோசோயிட், கல்லீரல் செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகும் நிலை, சிவப்பணுவுக்குள் மோதிரம்போல் தெரியும் வளைய நிலை ஆகிய மூன்றும் உருவத்திலும் வேலையிலும் சம்பந்தமே இல்லாதவைபோலத் தோன்றினாலும் மூன்றின் மரபணுத் தொகுதியும் ஒன்றே.

மலேரியா ஒட்டுண்ணிக்கு எத்தனை மரபணுக்கள் உள்ளன?

மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் கடுமையான நோயைத் தரும் ஃபால்சிபாரம் வகைக்கு 14 குரோமோசோம்களில் சுமார் 5,300 மரபணுக்கள் உள்ளன. 3டி7 எனப்படும் ஆய்வக இனத்தின் முழு மரபணுத் தொகுதி 2002-இல் வெளியிடப்பட்டது. மற்றொரு முக்கிய வகையான வைவாக்ஸினுடையது 2008-இல் வந்தது. ஃபால்சிபாரத்தின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 80 சதவீதம் அடினினும் தைமினுமாகவே இருப்பதால் அதைப் படித்து முடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

ரத்தத்துக்குள் இந்த மரபணுக்கள் ஏதாவது வரிசைப்படி இயங்குகின்றனவா?

ஆம், மிகக் கண்டிப்பான வரிசைப்படி இயங்குகின்றன. ஃபால்சிபாரம் ஒரு சிவப்பணுவுக்குள் நுழைந்து, வளையமாகி, ட்ரோஃபோசோயிட்டாக வளர்ந்து, ஸ்கைசான்ட்டாகப் பிளந்து, மெரோசோயிட்டுகள் எனப்படும் புதிய ஒட்டுண்ணிகளாக வெளியேற ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகிறது. கலிபோர்னியாவில் ஜோசப் டிரிசியின் ஆய்வுக்குழு இந்த 48 மணி நேரத்தையும் மணிக்கு மணி ஆர்.என்.ஏ. எடுத்து அளந்து 2003-இல் முடிவை வெளியிட்டது. இயங்கும் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு சுழற்சிக்கு ஒரே ஒரு முறை, தமக்குத் தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன்பாக உச்சத்தை எட்டி அடங்குகின்றன என்பது அதில் தெரிந்தது. புரதம் தயாரிக்கும் கருவிகளுக்கான மரபணுக்கள் முதலில் வருகின்றன, டி.என்.ஏ.வைப் பெருக்கும் மரபணுக்கள் நடுவில் வருகின்றன, அடுத்த சிவப்பணுவைத் துளைத்து நுழைவதற்கான மரபணுக்கள் கடைசியில் வருகின்றன.

இந்த வரிசையை நடத்துவதில் முக்கியப் பங்கு ஏபி2 என்ற குடும்பத்தைச் சேர்ந்த புரதங்களுடையது. ஏறத்தாழ முப்பது உறுப்பினர்களைக் கொண்ட இக்குடும்பத்தின் டி.என்.ஏ. பிடிக்கும் பகுதி தாவரங்களில் காணப்படுவதை ஒத்தது, மனிதனிடம் அப்படி ஒன்று கிடையாது. மருந்து தேடுகிறவர்கள் இதன்மேல் ஆசை வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்காய்ச்சல் வருவதற்கு இந்த அட்டவணைதான் காரணமா?

பெரிதும் அதுதான். ஏராளமான ஸ்கைசான்ட்டுகள் ஒரே வேளையில் வெடித்துச் சிதறும்போது வெளிப்படும் பொருள்களுக்கு உடல் காட்டும் எதிர்வினையே நடுக்கமும் காய்ச்சலும் ஆகும். நெடுங்காலம் இந்த ஒழுங்கு முழுவதும் மனித உடலின் நாள்சுழற்சியிலிருந்து வருவதாகவே பலரும் எண்ணியிருந்தனர். ஒட்டுண்ணிக்குச் சொந்தமாகவே ஒரு தாளம் உண்டு என்பதற்கான சான்றுகளை 2020-இல் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஆயினும் ஃபால்சிபாரம் நோயாளிகள் பலருக்குக் காய்ச்சல் இப்படி முறை வைத்து வருவதில்லை. முறை தவறி வருகிறதே, மலேரியாவாக இருக்காது என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடுவது ஆபத்தானது.

ஆய்வகக் குடுவையில் வளர்த்த ஒட்டுண்ணியை ஆராய்ந்தால் போதாதா? நோயாளியின் ரத்தம் எதற்கு?

டிராகரும் ஜென்சனும் 1976-இல் ஃபால்சிபாரத்தை மனிதச் சிவப்பணுக்களில் தொடர்ந்து வளர்க்கும் முறையைக் கண்டறிந்தனர். இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தக் குடுவையிலிருந்து வந்ததே. ஆனால் குடுவையில் மண்ணீரல் கிடையாது, நோய் எதிர்ப்பணுக்கள் கிடையாது, சர்க்கரைக்குப் பஞ்சமில்லை, வெப்பம் எப்போதும் 37 டிகிரி. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அங்கே இல்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் குடுவையில் வாழ்ந்த இனங்கள் சில, சிவப்பணுவின் மேல் ஒட்டும் புடைப்புகளை உருவாக்கும் மரபணுப் பகுதியையே குரோமோசோமின் நுனியிலிருந்து இழந்துவிட்டன. வேறு சில கொசுவுக்குப் போகும் பாலின நிலையை உருவாக்கும் திறனை இழந்துவிட்டன. உடலுக்குள் உயிர்வாழ உதவும் மரபணுக்கள் எவை என்ற கேள்விக்கு, உடலையே பார்த்திராத ஒட்டுண்ணியிடம் விடை தேட முடியாது.

வைவாக்ஸின் நிலைமை இன்னும் சிக்கலானது. அது இளம் சிவப்பணுக்களையே விரும்புவதால் அதற்கு நீடித்த வளர்ப்பு முறை இன்றுவரை கைகூடவில்லை. நோயாளியின் ரத்தமும் குரங்கு மாதிரிகளும்தான் வழி. தமிழ்நாட்டில் காணப்படும் மலேரியாவில் பெரும்பங்கு வைவாக்ஸ்தான் என்பதால், நமக்கு மிகவும் தேவைப்படும் வகையைப் பற்றித்தான் மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறது.

நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாக ஆராய்ந்தபோது என்ன தெரிந்தது?

இத்துறையில் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் சர்ச்சைக்குள்ளானதும் 2007-இல் வெளியான செனகல் ஆய்வாகும். அங்கே 43 நோயாளிகளின் ரத்தத்திலிருந்த ஃபால்சிபாரத்தின் ஆர்.என்.ஏ.வை அளந்தவர்கள், ஒட்டுண்ணிகள் மூன்று வித உடலியல் நிலைகளில் இருப்பதாக அறிவித்தனர். ஒன்று, குடுவையில் காண்பதுபோலச் சர்க்கரையை எரித்து வளரும் நிலை. இரண்டாவது, பட்டினிக்கு ஈடுகொடுக்கும் நிலை. மூன்றாவது, சூழலின் தாக்குதலைத் தாங்கும் நிலை. நோயாளியின் உடல்நிலைக்கேற்ப ஒட்டுண்ணி தன் வாழ்முறையையே மாற்றிக்கொள்கிறது என்ற கருத்து அப்போது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

இரண்டே ஆண்டுகளில் மறுப்பு வந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் ஒட்டுண்ணிகள் 48 மணி நேர அட்டவணையில் எந்த மணியில் நிற்கின்றன, அவற்றில் பாலின நிலைக்குத் திரும்பியவை எத்தனை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மூன்று நிலைகளாகத் தெரிந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோகிறது என்று 2009-இல் வேறொரு குழு காட்டியது. இந்த வாதத்தில் என் சாய்வு பின்னவர்கள் பக்கமே. ஒட்டுண்ணியின் வயதில் சில மணி நேர வித்தியாசம் இருந்தாலே ஆயிரக்கணக்கான மரபணுக்களின் அளவு மாறிவிடும். அந்த வயதைத் திருத்தாமல் ஒப்பிடும் எந்த முடிவையும் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். ஆயினும் நோயாளியின் உடலைக் கேள்விக்குள் கொண்டுவந்த பெருமை செனகல் ஆய்வுக்கு உண்டு.

இந்தியாவிலும் இத்தகைய பணிகள் நடந்துள்ளன. பிலானியிலுள்ள ஆய்வாளர்கள் ராஜஸ்தானின் பிக்கானேர் நோயாளிகளிடமிருந்து பெற்ற ஒட்டுண்ணிகளின் ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்துள்ளனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உத்பல் டாட்டுவின் குழு, நோயாளியிடமிருந்து நேரடியாக எடுத்த ஃபால்சிபாரம், வைவாக்ஸ் ஒட்டுண்ணிகளின் புரதங்களைப் பட்டியலிட்டது.

விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் எல்லா நிலைகளும் கிடைக்குமா?

ஃபால்சிபாரத்தில் கிடைக்காது. நுண்ணோக்கியின் எண்ணெய்வில்லைக்கு அடியில் ஒரு ஃபால்சிபாரம் தடவலை வைத்துப் பாருங்கள்: மெல்லிய நீல வளையம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி, சில வேளை இரண்டு, சில வளையங்கள் சிவப்பணுவின் விளிம்பில் ஒட்டவைத்ததுபோல் இருக்கும், ஒரே சிவப்பணுவில் இரண்டு மூன்று வளையங்களும் உண்டு. ஸ்லைடு முழுவதும் தேடினாலும் முதிர்ந்த ட்ரோஃபோசோயிட்டோ ஸ்கைசான்ட்டோ அகப்படுவது அரிது. ஏறக்குறைய 20 மணி நேர வயதுக்குப் பின் ஒட்டுண்ணி தங்கிய சிவப்பணுக்கள் மூளை, நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. சுற்றோட்டத்தில் மிதப்பவை பெரும்பாலும் இளம் வளையங்களே. ஆகவே ஃபால்சிபாரம் நோயாளியின் மரபணு வெளிப்பாடு என்று நாம் படிப்பது உண்மையில் 48 மணி நேரச் சுழற்சியின் முதல் பாதியின் கதை. உறுப்புகளைச் சேதப்படுத்தும் நிலை ஊசியில் ஏறுவதே இல்லை.

வைவாக்ஸ் தடவலில் காட்சி வேறு. சிவப்பணு பருத்திருக்கும், அதில் ஷஃப்னர் புள்ளிகள் இளஞ்சிவப்பாகத் தூவியிருக்கும், வளையம் முதல் ஸ்கைசான்ட் வரை எல்லா வயதும் ஒரே ஸ்லைடில் கலந்து கிடக்கும். எல்லாம் கிடைப்பது வசதிபோலத் தோன்றினாலும், ஆர்.என்.ஏ.வை மொத்தமாகப் பிரித்தெடுத்தால் நமக்குக் கிடைப்பது சராசரி மட்டுமே. குளச்சல் ஏலக்கூடத்தில் நெத்தோலியையும் சூரையையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடை சொன்னால் அந்த எடையில் ஒரு மீன்கூட இருக்காது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பிரித்து அதன் ஆர்.என்.ஏ.வைப் படிக்கும் முறை இந்தக் குறையைப் போக்கத்தான் வந்தது. அம்முறையில் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் வரைந்த மலேரியா செல் அட்லஸ் 2019-இல் வெளியானது.

நோய் எதிர்ப்பு அமைப்பு ஏன் இந்த ஒட்டுண்ணியை எளிதில் பிடித்துவிடுவதில்லை?

இதற்கான விடையில்தான் மரபணு வெளிப்பாட்டின் முழுச் சாமர்த்தியமும் தெரிகிறது. ஃபால்சிபாரத்திடம் 'வார்' எனப்படும் மரபணுக்கள் ஏறக்குறைய 60 உள்ளன. இவை ஒவ்வொன்றும் பிஎஃப்இஎம்பி1 என்ற புரதத்தின் வெவ்வேறு வடிவத்தை உருவாக்கும். அந்தப் புரதம் சிவப்பணுவின் வெளிப்பரப்பில் நின்று ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஓர் ஒட்டுண்ணி இந்த 60-இல் ஒன்றை மட்டுமே இயக்குகிறது. மற்றவை அனைத்தும், டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் இடப்பட்ட வேதிக் குறிகளால் இறுகச் சுருட்டப்பட்டு, உட்கருவின் ஓரத்தில் ஊமையாக வைக்கப்பட்டிருக்கின்றன. நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்கள் ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு அழிக்கத் தொடங்கும்போது, ஏற்கெனவே வேறு வடிவத்துக்கு மாறியிருந்த சில ஒட்டுண்ணிகள் தப்பிப் பெருகுகின்றன.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்புரதம் வருவதைக் கண்டு ஒட்டுண்ணி சட்டை மாற்றுவதாகச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. புத்திசாலிக் கிருமி என்றும் புகழ்கின்றன. நமக்குத் தெரிந்த வரையில் மாற்றம் பெரும்பாலும் தன்போக்கில், சிறு விகிதத்தில், எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. யார் தப்புவது என்பதை மட்டும் எதிர்ப்பு அமைப்பு தீர்மானிக்கிறது. மலேரியாவே கண்டிராத தன்னார்வலர்களுக்குக் கட்டுப்பாடான முறையில் நோயைத் தொற்றவைத்துப் பார்த்தபோது, ஆரம்ப நாள்களில் ஒட்டுண்ணிக் கூட்டம் பல வார் மரபணுக்களைப் பரவலாக இயக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்புரதம் எதுவும் உருவாகும் முன்பே கூட்டம் பலவகையாகப் பிரிந்து நின்றது என்பதே இதன் பொருள்.

எந்த வார் மரபணு இயங்குகிறது என்பதைப் பொறுத்து நோயின் கடுமை மாறுமா?

மாறும். குழந்தைகளுக்கு வரும் கடுமையான மலேரியாவோடு தொடர்புள்ள சில வடிவங்கள், ரத்தக்குழாயின் உட்சுவரிலுள்ள இபிசிஆர் என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்வது 2013-இல் தெரியவந்தது. கர்ப்பிணிகளிடம் வார்2சிஎஸ்ஏ என்ற ஒரே வடிவம் மேலோங்குகிறது. அது நஞ்சுக்கொடியிலுள்ள கான்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ-வைப் பற்றி அங்கேயே குவிகிறது. நோய் நிலைத்திருக்கும் நாடுகளில் முதல் பிரசவத்தில் அதிகமாகப் பாதிக்கப்படும் பெண்கள் அடுத்தடுத்த பிரசவங்களில் ஓரளவு பாதுகாப்புப் பெறுவதும், இந்த ஒரு வடிவத்துக்கு எதிரான எதிர்ப்புரதம் அவர்களிடம் சேர்வதால்தான். இதை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசிகள் மனிதச் சோதனை வரை வந்துள்ளன.

வைவாக்ஸுக்கு வார் மரபணுக்கள் கிடையாது. 'பிர்' என்ற வேறொரு பெருங்குடும்பம் உண்டு.

காய்ச்சலின் சூடு ஒட்டுண்ணியைப் பாதிக்காதா?

பாதிக்கும். 41 டிகிரியில் புரதங்கள் உருக்குலையும். அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் எச்எஸ்பி70, எச்எஸ்பி90 போன்ற புரதங்களின் மரபணுக்களைச் சில மணி நேரத்துக்குள் முடுக்கிவிடுவது ஏபி2 குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உறுப்பினரே என்பது 2021-இல் தெரியவந்தது. அந்த உறுப்பினர் பழுதான ஒட்டுண்ணிகள் சூட்டைத் தாங்காமல் மடிகின்றன. உடலின் நிலையை உணர்ந்து உடனடியாக மரபணுவைத் திருப்பும் சில உண்மையான எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. ஒட்டுண்ணியிடம் இத்தகையவை குறைவு.

மருந்து கொடுத்தால் ஒட்டுண்ணி தன் மரபணுக்களை மாற்றித் தப்ப முயலுமா?

அப்படித்தான் பலரும் எதிர்பார்த்தனர். ஃபோலேட் தயாரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, தடைபட்ட அந்த வேதிப்பாதையின் மரபணுக்களைக்கூட ஒட்டுண்ணி கூட்டவில்லை. செத்துக்கொண்டிருக்கும்போதும் அட்டவணைப்படியே ஓடியது.

ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு ஒட்டுண்ணி காட்டும் எதிர்ப்பு சற்று வேறுபட்டது. கெல்ச்13 என்ற மரபணுவின் திடீர் மாற்றங்கள் அதற்குக் காரணம் என்பது 2014-இல் உறுதியானது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வொன்று தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஒட்டுண்ணி ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டது. எதிர்ப்புள்ளவை வளைய நிலையில் மெதுவாக முன்னேறுவதும், உருக்குலைந்த புரதங்களைச் சமாளிக்கும் மரபணுக்களை மிகுதியாக இயக்குவதும் அதில் தெரிந்தன. மருந்தின் தாக்கம் சில மணி நேரமே நீடிப்பதால், அந்நேரத்தை வளையமாகப் பதுங்கிக் கழித்துவிடுவது அவற்றுக்கு ஆதாயமாகிறது.

கொசுவுக்குப் போகும் நிலை எப்போது, எப்படித் தொடங்குகிறது?

ஏபி2-ஜி என்ற ஒரே மரபணு விழித்துக்கொண்டால் ஒட்டுண்ணி பாலின நிலையான கேமிட்டோசைட்டாகும் பாதையில் திரும்புகிறது. இதை 2014-இல் இரு குழுக்கள் கண்டறிந்தன. அதுவும் வார் மரபணுக்களைப்போலவே சாதாரணமாக இறுகச் சுருட்டப்பட்டுக் கிடப்பதுதான். ரத்தத்தில் லைசோபாஸ்ஃபடிடைல்கோலின் என்ற கொழுப்புப்பொருள் குறைந்தால் இந்தத் திரும்பல் கூடுவது 2017-இல் வெளியானது.

ஃபால்சிபாரம் கேமிட்டோசைட் முதிர்வதற்கு ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள்கள் ஆகும். அதுவரை பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் தங்கி, பின்னர் வாழைப்பழ வடிவில் ரத்தத்துக்கு வரும். வைவாக்ஸ் அவ்வளவு காத்திருப்பதில்லை. நோயாளி காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே கொசுவுக்குத் தொற்றக்கூடிய நிலை ரத்தத்தில் இருக்கலாம். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசு உள்ள ஊரில், காய்ச்சலோடு திரும்பியவர் தடவல் கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஆர்.என்.ஏ. இருந்தால் புரதமும் இருக்கும் என்று கொள்ளலாமா?

கூடாது. பெண் கேமிட்டோசைட் கொசுவின் வயிற்றில் தேவைப்படும் சில புரதங்களுக்கான ஆர்.என்.ஏ.வை முன்கூட்டியே தயாரித்து, புரதமாக மாற்றாமல் பூட்டி வைத்திருக்கிறது.

காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களிடம் மரபணு வெளிப்பாடு வேறுபடுமா?

வேறுபடுகிறது. மாலி நாட்டில் கொசு இல்லாத வறட்சிக் காலத்தில் அறிகுறியின்றி ஃபால்சிபாரத்தைச் சுமந்தவர்களையும், மழைக்காலத்தில் நோயுற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வந்தது. வறட்சிக் காலத்து ஒட்டுண்ணிகள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டாமல் நீண்ட நேரம் சுற்றோட்டத்தில் இருந்தன, அவற்றின் ஆர்.என்.ஏ.வும் அதிக வயதுடைய நிலைகளைக் காட்டியது. அதிகம் சுற்றினால் மண்ணீரல் அதிகமாக வடிகட்டிவிடும், எண்ணிக்கை தாழ்வாகவே நிற்கும், நோயாளியும் நடமாடிக்கொண்டிருப்பார்.

வைவாக்ஸ் கல்லீரலில் உறங்குவதும் மரபணு வெளிப்பாட்டால்தானா?

ஆம். ஹிப்னோசோயிட் எனப்படும் அந்த உறங்குநிலையில் பெரும்பாலான மரபணுக்களின் இயக்கம் மிகவும் தணிந்திருக்கிறது. ரத்த நிலையை அழிக்கும் குளோரோகுயின் அதைத் தொடுவதில்லை, பிரைமாக்குயின் போன்றவையே தொடும். ஆகவே காய்ச்சல் மூன்றாம் நாளில் நின்றுவிட்டாலும், மருத்துவர் எழுதித் தந்த 14 நாள் பிரைமாக்குயினை நடுவில் நிறுத்திவிட்டுப் படகேறக் கூடாது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இம்மாத்திரை ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவர் சொல்லாமல் யாரும் தாமாக வாங்கி விழுங்கவும் கூடாது.

ஆர்.என்.ஏ. ஆய்வுக்கான ரத்தத்தை எப்படிப் பாதுகாக்கிறார்கள்?

ஸ்லைடைப்போல இதைக் காயவைத்து அனுப்ப முடியாது. குழாயில் ரத்தம் ஏறிய நொடியிலிருந்தே ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கும், அதோடு, உடலை விட்டு வெளியே வந்த ஒட்டுண்ணி குளிர்ச்சிக்கும் பிராணவாயு மாற்றத்துக்கும் ஏற்ப இயங்கினால், நாம் அளப்பது நோயாளியை அல்ல, குழாயைத்தான். ஆகவே படுக்கையருகிலேயே, ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் திரவம் உள்ள குழாயில் ரத்தத்தை எடுத்து, மெதுவாகப் பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் சேமிக்கிறார்கள். வெள்ளணுக்கள் இருந்தால் மனித ஆர்.என்.ஏ. ஒட்டுண்ணியினுடையதை மூழ்கடித்துவிடும் என்பதால், சில ஆய்வுகளில் அவற்றைச் செல்லுலோஸ் வடிகட்டியில் முதலில் நீக்குவதும் உண்டு. அந்த நிமிடங்களில் ஒட்டுண்ணி மாறிவிடாதா என்ற கேள்வி அப்போது எழும். இரண்டு வழியிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

இந்தப் பரிசோதனை நம் ஊர் மருத்துவமனைகளில் செய்யப்படுமா?

நோயைக் கண்டறிய இது தேவையில்லை. தடவலும் விரைவுப் பரிசோதனை அட்டையும் போதும். ஆனால் அந்த அட்டையே மரபணு வெளிப்பாட்டை நம்பித்தான் இருக்கிறது: ஃபால்சிபாரம் கோடு பெரும்பாலும் எச்ஆர்பி2 என்ற புரதத்தைக் காட்டுவது. அப்புரதம் ஒட்டுண்ணி அழிந்த பின்னும் சில வாரங்கள் ரத்தத்தில் தங்குவதால், குணமானவருக்கும் கோடு விழலாம். அந்த மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகளும் உலகின் சில பகுதிகளில் பரவியுள்ளன. அங்கே நோய் இருந்தும் கோடு விழாது. சந்தேகம் இருந்தால் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று தொழில்நுட்பர்களிடம் சொல்வது இதற்காகவே.

மாணவர்கள் இந்தத் தரவுகளைத் தாமே பார்க்க வழியுண்டா?

உண்டு. பிளாஸ்மோடிபி என்ற இணையத் தரவுத்தளத்தில் 3டி7 இனத்தின் எந்த மரபணுவையும் தேடலாம். அது 48 மணி நேரத்தில் எப்போது உயர்ந்து எப்போது தாழ்கிறது என்பதை வரைபடமாகக் காணலாம். முதலில் 12-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபி2-ஜி-யையும் வார்2சிஎஸ்ஏ-வையும் எடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது, அந்த வரைபடம் குடுவையிலிருந்து வந்ததா நோயாளியிடமிருந்து வந்ததா என்பதை அதன் கீழுள்ள குறிப்பில் முதலில் படித்துவிடுங்கள்.